அத்தாவின் பவர் பத்திரம் ஐசியூவில் செல்லுமா? நம் குடும்பங்கள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவை

2024 மே மாதம், கோடை விடுமுறைக் காலத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மேல்முறையீடு விசாரணைக்கு வந்தது. கணவர் அந்த ஆண்டு பிப்ரவரி முதல் கோமாவில் கிடக்கிறார். வீட்டில் பிள்ளைகள். மருத்துவமனைச் செலவு நாளுக்கு நாள் ஏறுகிறது. கணவர் பெயரில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் பெறக்கூடிய இடம் இருக்கிறது. அதை விற்றால் வைத்தியம் பார்க்கலாம், பிள்ளைகளையும் காப்பாற்றலாம். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவருக்கு நினைவில்லை. மனைவி தன்னைக் கணவரின் காப்பாளராக நியமிக்கும்படி கேட்டார். ஏப்ரலில் தனி நீதிபதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போகும்படி சொல்லி மனுவை ஏற்க மறுத்துவிட்டார்.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், பி.பி. பாலாஜி அமர்வு அந்த உத்தரவை ரத்து செய்தது. மனைவியைக் காப்பாளராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வங்கியில் வைப்பாகப் போட வேண்டும், அதன் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செலவு செய்யலாம் என்று நிபந்தனை வைத்தது. 2016-லும் கோமாவில் இருந்த கணவருக்காக ஒரு முஸ்லிம் சகோதரி இதே நீதிமன்றத்தை நாடித்தான் காப்பாளர் உத்தரவு பெற வேண்டியிருந்தது.

தர்மபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். படுத்த படுக்கையான கணவரை யாரிடம் விட்டுவிட்டு, யாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, எந்த வக்கீலிடம் போய் நிற்பது? பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ இருக்கும் ஒரு சகோதரியின் இடத்தில் நம்மை வைத்துப் பார்த்தால்தான் இந்தக் கட்டுரையின் அவசியம் புரியும்.

"அதற்குத்தான் அத்தா பெரியவனுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரே" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். அங்கேதான் சிக்கலே இருக்கிறது.

பவர் எப்போது முடிந்துபோகிறது?

பவர் பத்திரம் என்பது, நான் செய்யக்கூடிய ஒரு காரியத்தை எனக்காகச் செய்ய இன்னொருவருக்கு அதிகாரம் கொடுப்பது. 1882-ம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டமும் 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் இதை ஆள்கின்றன. ஒப்பந்தச் சட்டத்தின் 201-ம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ, சித்த சுவாதீனம் இழந்தாலோ அந்த அதிகாரம் முடிந்துவிடும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், கொடுத்தவர் நினைவிழந்த பிறகும் நீடிக்கும்படியான தனி வகைப் பவர் பத்திரம் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒரு பத்திரத்துக்குச் சட்டம் இல்லை. 202-ம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அது முகவருக்கே அந்தச் சொத்தில் சொந்த உரிமை உள்ள வியாபார ஏற்பாடுகளுக்கானது, பிள்ளைக்குக் கொடுக்கும் சாதாரணப் பவருக்குப் பொருந்தாது.

ஆக, அத்தா நல்ல நினைவோடு பெங்களூரில் கடையைக் கவனித்துக்கொண்டிருக்கும் வரை அந்தப் பவர் செல்லும். பக்கவாதம் வந்து நினைவு தவறிய நாளில், எந்த நாளுக்காக எழுதினோம் என்று நினைத்தோமோ அந்த நாளிலேயே, அது வெறும் காகிதமாகிவிடுகிறது.

நம் ஃபிக்ஹும் இதையே சொல்கிறது. வகாலத் கொடுத்தவர் மவ்த்தானாலோ, நிரந்தரமாகப் புத்தி பேதலித்தாலோ வகாலத் முடிந்துவிடும் என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. (கோர்ட்டில் நாம் கையெழுத்துப் போடும் 'வக்காலத்து' என்ற சொல்லும், 'வக்கீல்' என்ற சொல்லும் இந்த வகாலத்திலிருந்து வந்தவைதான்.) அதிகாரம் முடிந்த பின் முகவர் கைகழுவிவிடவும் முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 209-ம் பிரிவு, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பாதுகாக்கத் தேவையான நடவடிக்கைகளை அவர் எடுத்தாக வேண்டும் என்கிறது. அமானத் என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் பவர் எழுதுவதே வீணா? இல்லை. ஊரில் இல்லாதவர்களுக்கும், நடக்க முடியாமல் நினைவோடு இருக்கும் பெரியவர்களுக்கும் அது மிகவும் பயன்படும். வளைகுடாவில் இருக்கும் சகோதரர் தர்மபுரியில் உள்ள வீட்டு விஷயத்தைப் பார்க்கத் தம்பிக்குப் பவர் கொடுக்கலாம். அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டுச் சான்று பெற வேண்டும். பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இந்த 3 மாதக் கெடுவைத் தவறவிட்டு அலைகிறவர்கள் உண்டு. ஊரிலேயே இருப்பவர் அசையாச் சொத்துக்காகக் கொடுக்கும் பவரைத் தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம். பவரை வைத்துப் பத்திரம் முடிக்கப் போகும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றும் கேட்பார்கள். 'பொதுப் பவர்' என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்காமல், இன்ன வீட்டு வாடகை வசூலிக்க, இன்ன வழக்கில் ஆஜராக என்று குறித்துக் கொடுப்பதே எங்கள் பரிந்துரை.

இன்னொன்று. பவரை வைத்தே சொத்தை 'வாங்கிக்கொள்வது' நம் பகுதியிலும் நடந்திருக்கிறது. 2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுப் பவர் மூலம் சொத்துரிமை கைமாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. அத்தா காலத்தில் அப்படி வாங்கிய மனை ஏதும் இருந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே கிரயம் முடித்துக்கொள்ளுங்கள்.

பெருவிரலில் மை

சொல்லக் கூசினாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மயக்கத்தில் கிடப்பவரின் பெருவிரலை மையில் அழுத்திப் பத்திரத்தில் பதிக்கும் வேலை நடக்கிறது. "குடும்ப நன்மைக்குத்தானே" என்ற சமாதானமும் கூடவே வரும். உள்ளடக்கத்தை அறிய முடியாத மனநிலையில் உள்ளவரைக் கையெழுத்திட வைப்பதைப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 335-ம் பிரிவு பொய் ஆவணம் தயாரிப்பதாகவே கருதுகிறது. மார்க்கத்திலோ, அதனால் பங்கு குறைந்துபோகும் சகோதரியின் ஹக் உங்கள் கழுத்தில் தொங்கும்.

வயதானவர் எழுதப் படிக்கத் தெரியாமல் ரேகை வைப்பது வேறு. அது முழுக்கச் செல்லும். அப்போது கவனிக்க வேண்டியது மொழி. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் பேச்சு உருது, பத்திரம் தமிழ். தமிழில் எழுதியதை உருதுவில் சொல்லி விளங்க வைத்து, 'எனக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, வாசித்துக் காட்டியவரும் கையெழுத்திட வேண்டும். மறதி நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர் என்றால், அன்றைய தேதியிலேயே மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி இணைத்துவிடுங்கள். மறதி தொடங்கிவிட்டது என்பதாலேயே ஒருவர் கையெழுத்து செல்லாமல் போகாது; அந்த நேரத்தில் விஷயம் விளங்கியதா என்பதே கேள்வி.

நினைவு தவறிய பின் வங்கிப் பணம்

வங்கியில் ஓரளவு வழி இருக்கிறது. கணவன் மனைவி பெயரில் 'எய்தர் ஆர் சர்வைவர்' முறையில் கூட்டுக் கணக்கு இருந்தால், ஒருவர் படுத்துவிட்டாலும் மற்றவர் பணம் எடுக்கலாம். வீட்டுச் செலவும் அவசர வைத்தியச் செலவும் இந்தக் கணக்கிலிருந்து ஓடும்படி வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும். நினைவோடு இருந்தும் கையெழுத்துப் போட முடியாதவர், வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில் ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. சாட்சிகளில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். தனிக் கணக்கு வைத்திருப்பவர் முழுதாக நினைவிழந்துவிட்டால் மட்டும், மீண்டும் காப்பாளர் உத்தரவு என்ற பெரிய கதவைத்தான் தட்ட வேண்டும்.

ஏன் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது? காப்பாளர்கள் மற்றும் காப்புக்குட்பட்டோர் சட்டம் சிறுவர்களுக்கானது. 1999-ம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மாவட்ட அளவிலான குழு மூலம் காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநல சிகிச்சையைப் பற்றியது. அதில்கூட 5-ம் பிரிவில் முன்கூட்டிய அறிவுறுத்தலும், 14-ம் பிரிவில் நமக்காகப் பேசும் பிரதிநிதியை நியமிக்கும் உரிமையும் உண்டு. ஆனால் சொத்தை நிர்வகிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. கோமாவில் கிடக்கும் 50 வயதுக்காரர் இந்தச் சட்டங்களில் எதற்குள்ளும் அடங்கவில்லை. அந்த இடைவெளியைத்தான் நீதிமன்றங்கள் தங்கள் தனி அதிகாரத்தைக் கொண்டு நிரப்பி வருகின்றன.

கூட்டுக் கணக்கு, நாமினி இரண்டிலும் நம் வீடுகளில் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெயர் இருப்பதால் பணம் சொந்தமாகிவிடாது. நாமினி பணத்தை வங்கியிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தகுதி பெற்றவர், அவ்வளவுதான். அது வாரிசுகளுக்குரியது என்று உச்ச நீதிமன்றமும் 2010-ல் சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். நான்கு பெயர் எழுதினாலும், மவ்த்துக்குப் பின் அந்தப் பணம் ஃபராயிள் கணக்குப்படியே பங்காக வேண்டும். கூட்டுக் கணக்கில் யாருடைய பணம் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைப்பது பின்னால் வரும் மனக்கசப்பைத் தடுக்கும்.

மருத்துவமனையில் யார் பேசுவது?

இனி உயிரும் உடலும் சம்பந்தப்பட்ட காகிதத்துக்கு வருவோம். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தாலும், பெரிய நோய் என்றால் நம்மவர்கள் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போகிறார்கள். ஐசியூ வாசலில் ஐந்து பேர் நிற்பார்கள். மூத்த மகன் வெண்டிலேட்டரை எடுக்கக் கூடாது என்பார். தம்பி, "அத்தாவைப் போட்டு வதைக்காதீங்க" என்று அழுவார். வைத்தியச் செலவை ஏற்றிருக்கும் மருமகன் வாய் திறக்க முடியாமல் நிற்பார். நாற்பது வருடம் கூட வாழ்ந்த அம்மாவை யாரும் கேட்க மாட்டார்கள். கடைசியில் 'எங்கள் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்' என்ற தாளில் கையெழுத்திட்டு, ஆம்புலன்சில் கிருஷ்ணகிரி வழியாக வீடு நோக்கி வருவார்கள். யார் முடிவு செய்தது என்ற கேள்வி அந்தக் குடும்பத்தில் வருடக்கணக்கில் ஓயாது.

படுத்திருப்பவர் தன் விருப்பத்தை முன்பே எழுதி வைக்க இந்தியாவில் 2018 முதல் உரிமை இருக்கிறது. இதன் பின்னணியில் அருணா ஷான்பாக் என்ற செவிலியரின் துயரக் கதை உண்டு. 1973 நவம்பரில் மும்பை கெம் மருத்துவமனையில் தாக்கப்பட்டு நினைவிழந்த அவர், 2015 மே 18 வரை, 41 ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையில் படுக்கையில் கிடந்தார். அவருக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் முதல் வழிகாட்டுதல்களைத் தந்தது. பிறகு காமன் காஸ் என்ற அமைப்பின் வழக்கில், தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று, முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் எழுதி வைப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. அப்போது விதித்த நடைமுறை மிகக் கடினமாக இருந்தது. குற்றவியல் நடுவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும் என்றெல்லாம் இருந்ததால் எழுதத் துணிந்தவர்கள் குறைவு. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான அமர்வு அதை எளிதாக்கியது.

இப்போதுள்ள நடைமுறை இதுதான். 18 வயது நிரம்பிய, மனத்தெளிவுள்ள எவரும் தன் விருப்பத்தின்பேரில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். குடும்பத்தைச் சேராத சாட்சிகள் என்றால் நல்லது. நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றொப்பம் இட வேண்டும். நாம் பேச முடியாத நிலையில் நமக்காக முடிவு சொல்லக்கூடிய காப்பாளர் அல்லது நெருங்கிய உறவினர் பெயர்களை எழுத வேண்டும். ஒருவருக்கு மேலும் எழுதலாம். அவர்களுக்கு ஒரு நகல், குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கு ஒரு நகல், ஊராட்சி அல்லது நகராட்சியின் உரிய அலுவலருக்கு ஒரு நகல். அந்த அலுவலகத்தில் இருப்பவருக்கே இது புதிதாக இருக்கலாம். பொறுமையாக விளக்கி, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றியும் எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

எழுதிவிட்டால் யாரோ வந்து கருவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். நோயாளி முடிவெடுக்க முடியாத நிலையில் இருந்து, குணமாகும் நம்பிக்கையும் இல்லை என்ற நிலை வந்தால் மட்டுமே இது பேசப்படும். முதலில் சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட மருத்துவமனைக் குழு பார்க்க வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால், மாவட்ட முதன்மை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரும் வேறு இரண்டு நிபுணர்களும் அடங்கிய இரண்டாவது குழு பார்க்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நாம் பெயர் எழுதிய உறவினரின் சம்மதமும் வேண்டும். பிறகு, நடைமுறைப்படுத்தும் முன் நடுவர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். எதுவும் எழுதி வைக்காதவருக்கும் இந்த இரண்டு குழு முறை பொருந்தும். அங்கே உறவினர்களின் சம்மதம் மட்டுமே இருக்கும், ஐசியூ வாசல் தகராறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெங்களூர் போகிறவர்கள் கவனிக்க: கர்நாடக அரசு இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த 2025 ஜனவரி 30 அன்று சுற்றறிக்கை வெளியிட்டிருக்கிறது. நம் மாவட்டத்து நோயாளி அங்கே படுத்திருந்தால், காகிதத்தைக் காட்டிக் கேட்க இது உதவும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நம்மில் யாரும் கையெழுத்திட மாட்டோம், இடவும் கூடாது. உயிர் அல்லாஹ்வின் அமானத். மருந்து கொடுத்தோ ஊசி போட்டோ உயிரைப் போக்குவது ஹராம். நோயாளியே கெஞ்சிக் கேட்டாலும் ஹராம். இந்தியச் சட்டமும் அதை அனுமதிக்கவில்லை. இதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

பலன் தராத சிகிச்சையை நிறுத்துவது வேறு விஷயம். வைத்தியம் செய்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அதே சமயம், வலிப்பு நோயால் துன்பப்பட்ட ஒரு பெண்மணி துஆ கேட்டு வந்தபோது, பொறுமையாக இருந்தால் சுவர்க்கம் என்று கூறி, தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். புகாரியில் வரும் இந்தச் செய்தியை வைத்து, எல்லா வைத்தியமும் எல்லா நிலையிலும் கட்டாயமல்ல என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். காப்பாற்றக்கூடிய நோயில் வைத்தியத்தை விட்டு உயிரை அழிவில் போடுவதற்கு இது ஆதாரமாகாது.

இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1986 அக்டோபரில் அம்மானில் கூடியபோது, மூளையின் இயக்கம் முழுமையாகவும் மீளாத வகையிலும் நின்றுவிட்டதாக நிபுணர்கள் உறுதி செய்தால், கருவியின் உதவியால் இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும் கருவியை எடுப்பது கூடும் என்று முடிவு செய்தது. 1992-ல் ஜித்தாவில் கூடியபோது, புத்தி தெளிவுள்ள நோயாளிக்கு அவர் அனுமதியோடுதான் வைத்தியம் செய்ய வேண்டும், அனுமதி தர இயலாதவர் என்றால் அவருடைய வலியின் அனுமதி வேண்டும் என்றது. சவூதியின் நிலையான ஃபத்வா குழுவும் 12086-ம் எண் ஃபத்வாவில், நம்பகமான மூன்று மருத்துவர்கள் பயனில்லை என்று ஒருமித்துச் சொன்னால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சியைத் தவிர்க்கலாம் என்று அனுமதித்திருக்கிறது.

இவற்றுக்குள் நுணுக்கமான கருத்து வேறுபாடுகள் உண்டு. மூளைச் சாவையே மவ்த்தாக ஏற்காத உலமாக்களும் இருக்கிறார்கள். எனவே எழுதியதை நோட்டரியிடம் கொண்டுபோகும் முன் நீங்கள் நம்பும் ஆலிமிடம் காட்டுங்கள். உணவு, தண்ணீர், வலி நிவாரணம், உடல் சுத்தம் ஆகியவற்றை நிறுத்தக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுவதே எங்கள் ஆலோசனை. தீர்ப்பு குறிப்பிட்ட படிவம் எதையும் வகுக்கவில்லை. தேவையான விஷயங்கள் இருந்தால் போதும். வாசகம் இப்படி அமையலாம்:

'நான் நல்ல நினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமலும், இதன் விளைவை விளங்கியும் எழுதுகிறேன். எனக்குக் குணமாகும் நம்பிக்கை இல்லை, நான் முடிவெடுக்கும் நிலைக்குத் திரும்ப மாட்டேன் என்று இரண்டு மருத்துவக் குழுக்களும் உறுதி செய்தால், என் மவ்த்தைத் தள்ளிப்போட மட்டுமே உதவும் செயற்கைச் சுவாசமும் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முயற்சியும் வேண்டாம். உணவு, தண்ணீர், வலி நிவாரணம், சுத்தம் ஆகியவற்றை நிறுத்தக் கூடாது. என் உயிரைப் போக்கும் எந்த மருந்தும் தரக் கூடாது. என் சார்பில் என் மனைவியும், அவரால் இயலாதபோது என் மகளும் மருத்துவர்களிடம் பேசி முடிவு சொல்வார்கள். இதை எப்போது வேண்டுமானாலும் நான் ரத்து செய்யலாம்.'

மனைவி, மகள் என்று எழுதியது வேண்டுமென்றேதான். இரவும் பகலும் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள். முடிவு சொல்லும் இடத்தில் மட்டும் அவர்களைப் பின்னுக்குத் தள்ளுவது நம் பழக்கம். பெயர், வயது, முகவரி, தேதி, தொடர்பு எண் எல்லாவற்றையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

வெண்டிலேட்டர் வேண்டாம் என்றால் வைத்தியமே வேண்டாம் என்று பொருளில்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவருக்கு வலியைக் குறைக்கும் கவனிப்பு தேவைப்படும். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கி வைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் அடங்கும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதியலாம்.

மவ்த்துக்குப் பின் பேசும் காகிதம்

வஸிய்யத் பற்றி ஜும்ஆ பயான்களில் கேட்டிருப்போம். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ள முஸ்லிம், அதை எழுதித் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற ஹதீஸ் நமக்குத் தெரியும். ஆனால் எழுதியவர்கள் எத்தனை பேர்? உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் செல்லாது. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் கேட்டபோது மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்று நபி (ஸல்) சொல்லிவிட்டார்கள். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. மற்ற வாரிசுகள் மவ்த்துக்குப் பின் மனமொப்பிச் சம்மதித்தால் மட்டுமே அது நடக்கும். "வீடு சின்னவனுக்கு" என்று எழுதி வைக்கும் பத்திரங்கள் இதனால்தான் பின்னால் முறிகின்றன. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் உயில் சம்பிரதாயங்கள் நமக்குக் கட்டாயமில்லை, வாய்மொழி வஸிய்யத்கூடச் செல்லும் என்பது உண்மைதான். அதை நம்பி எழுதாமல் விடுவது சண்டைக்கு அழைப்பு. இரண்டு சாட்சிகளோடு எழுதுங்கள். முடிந்தால் பதிவு செய்யுங்கள்.

எதை எழுதுவது? முதலில் கடன். கொடுக்க வேண்டியது, வர வேண்டியது, மனைவிக்குக் கொடுக்காமல் பாக்கி நிற்கும் மஹர், யாரோ நம்பிக் கொடுத்து வைத்த நகை, விட்டுப்போன ஸகாத், நோன்புக்கான ஃபித்யா. சொத்தைப் பங்கு வைக்கும் முன் கடன் தீர வேண்டும் என்பது குர்ஆனின் கட்டளை. அடுத்து, வாரிசாகாதவர்கள். தந்தைக்கு முன்பே இறந்துவிட்ட மகனின் பிள்ளைகள் இதில் முக்கியமானவர்கள். வேறு மகன் உயிரோடு இருந்தால் அந்த யத்தீம் பேரப்பிள்ளைகளுக்குப் பங்கு வராது. இதைக் கேட்டு அதிர்ச்சியடைபவர்கள், அதற்கான வாசல் திறந்தே இருப்பதைக் கவனிப்பதில்லை: மூன்றில் ஒரு பங்குக்குள் அவர்களுக்குத் தாத்தா எழுதி வைக்கலாம். தாத்தா நினைவோடு இருக்கும்போதுதான் அது முடியும். வளர்த்த பிள்ளைக்கும் இதே வழிதான்.

சிலர் இதைத் தாண்டி, மரணப் படுக்கையில் ஹிபா எழுதி வாங்கிவிடுகிறார்கள். மவ்த்தில் முடியும் நோயில் கொடுக்கும் ஹிபாவுக்கு வஸிய்யத்தின் வரம்புகளே பொருந்தும்: மூன்றில் ஒன்று, வாரிசுக்கு இல்லை. ஆரோக்கியமாக இருக்கும்போது கொடுக்கும் ஹிபாவிலும் சொத்தை உண்மையாகவே ஒப்படைக்க வேண்டும். காகிதத்தில் கொடுத்துவிட்டுச் சாவியைத் தானே வைத்திருந்தால் ஹிபா நிறைவேறாது. அதேசமயம், எல்லாவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கும் பெற்றோரையும் நம் மஹல்லாக்களில் பார்க்கிறோம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவின் கீழ், கவனிக்காத பிள்ளையிடமிருந்து அதை ரத்து செய்யக் கோரலாம். நிபந்தனை எழுதாமல் கொடுத்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். நிபந்தனையோடு கொடுப்பது ஹிபா ஆகுமா என்பதை மட்டும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதுதான் பலருக்கும் மலைப்பு. "அத்தா, உங்க மவ்த்துக்கு அப்புறம்..." என்று பிள்ளை ஆரம்பித்தால் சொத்துக்கு அலைகிறான் என்று ஆகிவிடும். பெரியவரே ஆரம்பிப்பதுதான் அழகு. ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் கடன்களை எழுதிக் கொடுத்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுப் போகும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே தாளில் இன்னும் சில வரிகள் சேர்த்தால் போதும். ரமளானில் ஸகாத் கணக்குப் பார்க்க உட்காரும் இரவும் இதற்கு ஏற்றது. சொத்தும் கடனும் அன்று எப்படியும் மேசை மீது இருக்கும். வெளியூர்ப் பிள்ளைகள் பெருநாளுக்கு வரும்போது எல்லோர் முன்னிலையிலும், மகள்களையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டிவிடுங்கள். மகன்களுக்கு மட்டும் தெரிந்த வஸிய்யத் பாதி வஸிய்யத்.

எழுதிய காகிதங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் யாருக்கும் பயனில்லை. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஏறும்போது மருத்துவ அறிவுறுத்தல் கையில் இருக்க வேண்டும். அதன் படம் மனைவி, பிள்ளைகளின் போனில் இருக்கட்டும், மூலப் பிரதி எங்கே என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். வஸிய்யத்தின் ஒரு நகலை, எழுதியவர் விரும்பினால், ஜமாஅத் அலுவலகத்திலோ நம்பகமான உறவினரிடமோ கொடுத்து வைக்கலாம். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.